மூக்கு வேண்டாத மாவு

கொரோனா வந்துபோனதில் இவாஞ்சலினுக்கு மூக்கு போனது போனதுதான். மல்லிகைப் பூவும் ஒன்று, மண்ணெண்ணெயும் ஒன்று. வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்கிற பெண்ணுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறென்ன வேண்டும்? பேரணாம்பட்டில் அவள் அடுப்பு மேடையில் மூன்று பாத்திரங்கள் எப்போதும் மூடியே இருக்கும். ஒன்றில் முந்தின நாள் பிசைந்ததிலிருந்து கிள்ளி வைத்த பழைய மாவு. இன்னொன்றில் துளி ஈஸ்ட் போட்டுத் தளரக் கரைத்து, ராத்திரி முழுக்கப் பொங்கவிடும் ஸ்பாஞ்ச். கண்ணாடி ஜாடியில் இருப்பதுதான் செல்லப்பிள்ளை. ஈஸ்ட்டே இல்லாமல், மாவும் தண்ணீரும் தானாகப் புளித்து உயிர்பிடித்த புளிமாவு. சர்ச்சில் எல்லாரும் கேட்டு வாங்குவது அந்த ரொட்டியைத்தான்.

மற்ற இரண்டையும் கண்ணால் பார்த்தே பிசைந்துவிடலாம். புளிமாவு அதற்கெல்லாம் மசியாது. பழுத்த வாழைப்பழ வாசனை வந்தால் பிசையலாம். நெயில் பாலிஷ் நெடி அடித்தால் பசியில் இருக்கிறது, புது மாவு போடவேண்டும். அழுகல் வாடை வந்தால் சாக்கடையில் கொட்டவேண்டியதுதான். அதை முகர்ந்து சொல்வது அவள் புருஷன் பிரேம்நாத்தின் பொறுப்பு. காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஜாடியைத் திறந்து, கண்ணை மூடி, மாப்பிள்ளை முறுக்கோடு தீர்ப்பு சொல்லிவிட்டுப் போவான்.

தோல் தொழிற்சாலையிலும் அவன் மூக்குக்குத்தான் மரியாதை. அங்கே கழிவுத் தொட்டியில் வண்டல் சேர்ந்தால் ஆள் இறங்கி வாரவேண்டும். இறங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் சட்டம் வந்து வண்டல் வாராதே. விஷவாயுவைக் காட்டும் மீட்டரும் இருக்கிறது. ஆடிட்டுக்கு ஆள் வரும்போது யார் கழுத்திலாவது தொங்கும், அப்புறம் ஆபீஸ் அலமாரிக்குப் போய்விடும். மற்ற நாட்களில் பிரேம்நாத்தான் மீட்டர். மூடியைத் தள்ளி, குனிந்து முகர்ந்து, அழுகின முட்டை நாற்றம் வந்தால் "இரு" என்பான். வராவிட்டால் "இறங்கு" என்பான். அவன் இறங்கவேண்டியதில்லை. வருஷக்கணக்கில் இறங்கி இறங்கிச் சம்பாதித்த இடம் அது.

ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு முனியம்மா பாதி ரொட்டியோடு வந்தாள். பீடி சுற்றுகிறவள். கூடவே சிரித்துக்கொண்டு அவள் மகன் அபினேஷ். பிரேம்நாத் "இறங்கு" என்றால் தொட்டிக்குள் இறங்குகிறவர்களில் அவனும் ஒருத்தன்.

"இன்னா அண்ணி, ரொட்டில புளி கரைச்சு ஊத்திட்டீங்களா?"

"வாயில வைக்க முடியல, இவா. நாத்தம் வேற," என்றாள் முனியம்மா.

அபினேஷ் உள்ளே எட்டிப் பார்த்தான். "அண்ணே, மூக்குக்கு லீவு விட்டுட்டீங்களா?"

"சளிடா," என்றான் பிரேம்நாத். எல்லாரும் சிரித்தார்கள்.

இவாஞ்சலினுக்கு அந்தச் சளிமேல் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலையில் வேறொரு ஜாடியைக் கழுவி, அந்த நிமிஷம் மாவும் தண்ணீரும் கரைத்து அவன் முன்னால் நீட்டினாள். அவன் கண்ணை மூடி இழுத்தான்.

"வாழப்பழ வாசன. ஜம்முனு இருக்கு. பெசஞ்சிடு."

அவள் ஜாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இப்பதாங்க கரைச்சேன். இதுல இன்னா வாசன வரும்?"

பிரேம்நாத் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "கொஞ்சம் கொஞ்சமா கம்மியாச்சு இவா. இப்ப சுத்தமா இல்ல. இத்தினி வருசமா அந்தத் தொட்டிய மோந்தா இன்னா ஆகும்?"

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா? வேற எவனையாவது மேல நிக்க வச்சிட்டு என்னைக் கீழ இறக்குவான். உன் புருஷன் மேல நிக்கணுமா, கீழ இறங்கணுமா? நீயே சொல்லு."

பாவி, கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டான். அபினேஷ் ஞாபகம் வராமல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் பாட்டுப் போட்டுக்கொண்டு குளிக்கிற சத்தமே கேட்டது. ஆனாலும் அவளுக்குத் தன் புருஷன் மேலே நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கே பழைய ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அதன்பிறகு எல்லா ரொட்டியும் ஸ்பாஞ்ச் மாவில்தான். மூக்கில்லாத வீட்டுக்கு அது தோதாக இருந்தது. ஒரு ரொட்டிகூடக் கெடவில்லை. பழைய ருசி இல்லையே என்று கேட்டவர்களிடம், மைதா மாறிப்போச்சு என்று ஒரே போடாகப் போட்டாள்.

மழை பிடித்த ஒரு வாரத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது. பிரேம்நாத் மூடியைத் தள்ளிக் குனிந்து முகர்ந்தான். "இறங்கு" என்றான். முதலில் இறங்கியவன் அபினேஷ். ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்தவன் அப்படியே சரிந்தான். குதிக்கப்போன பிரேம்நாத்தை நாலு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அபினேஷைக் கயிறு போட்டுத் தூக்கும்போது உயிர் இல்லை.

அந்த வாயு ஜாஸ்தியானால் எப்பேர்ப்பட்ட மூக்கும் மரத்துவிடும், யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று ஆபீஸில் சொன்னார்கள். அதில் பொய்யில்லை. அதனாலேயே அது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. பிரேம்நாத் அதையே ஜெபம்போலச் சொல்லிக்கொண்டிருந்தான். "கேட்டியா இவா? நல்ல மூக்குக்கே தெரியாதாம்." அவளும் தலையாட்டினாள். அப்படி ஆட்டிய தன்னை அவளுக்கே பிடிக்கவில்லை.

கருமாதி முடிந்ததும் ஒரு ரொட்டியோடு முனியம்மா வீட்டுக்குப் போனாள். முனியம்மா பீடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வூட்டுக்காரர் மேல எனக்கு வருத்தமில்லம்மா. நாத்தமே தெரியாத காத்துக்கு அவரு இன்னா பண்ணுவாரு," என்று சொல்லி ரொட்டியைக் கையில் வாங்கினாள். பிட்டு, வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனாள். "இதுல அந்தப் பழைய வாசன இல்லியே. ஜாடி மாவுல சுடறதில்லயா?"

"இல்லக்கா."

"எப்போலேர்ந்து?"

"அந்த ரொட்டி புளிச்சுப் போச்சே, அதுக்கப்புறம்."

"ஏன்? மோந்து பாத்துச் சொல்லத்தான் வூட்லயே ஆள் இருக்காரே."

மைதா மாறிப்போச்சு என்ற பொய் இவாஞ்சலினின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முனியம்மாவின் முகத்தைப் பார்த்தபிறகு அது வெளியே வரவில்லை.

"அவருக்கு வாசனையே தெரியாதுக்கா. அன்னிலேர்ந்து எனக்குத் தெரியும்."

முனியம்மா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவள் காத்திருந்தாள். வேண்டிக்கொண்டாள் என்றே சொல்லலாம். முனியம்மா பிட்ட துண்டை ரொட்டியோடு சேர்த்து, அவள் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"ரொட்டி கெட்டுடக் கூடாதுன்னு நீ மாவ மாத்திக்கினே. என் புள்ளைக்கு மட்டும் அந்த மூக்கையே வுட்டுட்டியே இவா."