கேட்ட விலை

ஏகப்பன் ரங்கூனுக்குக் கப்பலேறிய மறுவாரமே அவன் பெண்சாதி நாச்சியம்மையை மாமியார் சாலாச்சி வேறு வைத்துவிட்டாள். செட்டிவீட்டு வழக்கம் அது. ஒரே வீடு, ஒரே வாசல். உலை மட்டும் மருமகளுக்கு மருமகள் தனி. மூத்த மருமக்கள் மூவரும் அடுப்படியை முன்பே வளைத்துப் போட்டிருந்ததால், நாச்சியம்மைக்கு வாய்த்தது கொல்லையில் பாதி இடிந்த விறகுக் கொட்டகை.

"செப்பனிட்டுக்க ஆத்தா. கைக்காசுக்குள்ள முடிச்சுக்க" என்றாள் சாலாச்சி.

நாச்சியம்மை கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். பின்சுவருக்கு அப்பால் சந்து. சந்து முடிந்தால் பள்ளத்தூர் வண்டிப்பாதை. பள்ளத்தூரில் அவளைப் பெற்றவள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். தீபாவளிச் சீரில் வெள்ளிச் சாமான் குறைந்த கோபம் சாலாச்சிக்கு. சீர் நிறையட்டும், அப்புறம் போகலாம் என்று சொல்லிவிட்டாள். முகப்பில் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். பின்வாசல் சாவி சாலாச்சியின் இடுப்பில். இரண்டு தெருவுக்கு நீண்ட அந்த வீட்டில் எத்தனையோ தேக்குக் கதவுகள். நாச்சியம்மைக்குத் திறக்கிற கதவு ஒன்றுகூட இல்லை.

மானகிரியிலிருந்து கொத்தன் முத்துவீரன் வந்தான்.

"புது ஓடு போட்டாத்தான் மழைக்குத் தாங்கும் ஆச்சி."

"அடுத்த தெருவுல வீடு பிரிக்கிறாக. பழைய ஓடு குமிஞ்சு கெடக்கு. அதை ஏத்திக்கிட்டு வா."

"பாதி ஒடைஞ்ச ஓடுல்ல அது!"

"பாதி வெலை குடு. உள்சுவத்துக்கு மண்ணே போதும். மழை அடிக்கிற பக்கம் மட்டும் சுண்ணாம்பு பூசு."

"என் கூலியையும் பாதியா ஒடைச்சிராதீக ஆச்சி."

"நெழல்ல நின்னு பாக்குற வேலைக்கு வெயில் கூலி கேக்குறியே, நல்லாருக்கா?"

வளவு முற்றத்தில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த சாலாச்சிக்குக் காது குளிர்ந்தது. "மூணு மருமக வந்தும் வெலை பேசத் தெரிஞ்சவ நாலாவதாத்தான் வந்திருக்கா" என்றாள், மூவரும் கேட்கும்படியாகவே.

கூரை ஏறியது. வீடு உண்டுவிட்டுக் கண்ணயர்ந்த ஒரு மத்தியான வேளையில் நாச்சியம்மை முத்துவீரனிடம் போனாள்.

"பின்சுவத்துல ஒரு வழி விடணும். ஆள் குனிஞ்சு போற அளவு. ஒரு பலகைக் கதவு போதும்."

அவன் சுவரைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான். பிறகு அந்தக் கொட்டகையையே இன்னொரு தடவை கட்டிவிடக்கூடிய தொகையாகப் பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டு, அவள் அதைக் கால்வாசியாக வெட்டுவாளென்று காத்திருந்தான்.

"சரி" என்றாள் நாச்சியம்மை.

கொத்துக்கரண்டி அந்தரத்தில் நின்றது. "சரிங்களா?"

"சரின்னுதான சொல்றேன். இன்னைக்கே ஒடை."

"தண்ணி குடிச்சுட்டு வாரேன் ஆச்சி" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

அவளுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. கடப்பாரையை எடுத்துத் தானே குத்தினாள். மூன்றாவது குத்தில் ஒரு செங்கல் சந்துக்குள் விழுந்தது. ஓட்டை வழியே கண்ணை வைத்துப் பார்த்தாள். வண்டிப்பாதை வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு வண்டி பள்ளத்தூர்ப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன ஆத்தா, ஒடம்புக்கு என்ன?"

சாலாச்சி. பின்னால், தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி முத்துவீரன். அப்போதுதான் நாச்சியம்மைக்கு உறைத்தது. இத்தனை வருஷம் செட்டிவீடுகளில் சுவர் எழுப்பியவன். கேட்ட விலைக்குச் சரியென்ற ஆச்சியை இன்றைக்குத்தான் பார்த்திருக்கிறான். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துபோய் நேரே பெரியவளிடம் ஓடியிருக்கிறான்.

"என்னைய வையாதீக ஆச்சி. கொல்லையில கெணறு வேற இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகிட்டா எம்மேலல்ல பழி வரும்" என்றான் நாச்சியம்மையிடம் பாவமாக.

சாலாச்சி மருமகளின் நெற்றியில் புறங்கை வைத்துப் பார்த்தாள். சூடில்லை. குனிந்து ஓட்டை வழியே அவளும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அடுப்புப் புகை போக அயித்தை..." என்றாள் நாச்சியம்மை.

"போகணும்ல. புகைக்குச் சன்னல் போதும். தலைக்கு மேல வையி முத்துவீரா, நாலு கம்பி போட்டு." மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "கம்பிக்கு நீயே பேசிக்க. உன்னையாட்டம் எனக்குப் பேச வராது."

முத்துவீரன் தயங்கித் தயங்கி ஒரு விலை சொன்னான்.

நாச்சியம்மை கடப்பாரையைச் சுவரில் சாய்த்தாள். "நாலு எதுக்கு? மூணு போதும்."

"நாலே இருக்கட்டும்" என்றாள் சாலாச்சி.

இருவரும் நாச்சியம்மையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விலை பேசாமலிருந்தால் வைத்தியரைக் கூப்பிடுவார்கள்; அதற்குப் பிறகு இந்தக் கொல்லைக்கும் வரவிட மாட்டார்கள்.

"நாலுன்னா, மூணு கம்பி வெலைக்குக் குடு" என்றாள்.

"கட்டாது ஆச்சி!" முத்துவீரன் முகத்தில் இரத்தம் திரும்பியது.

"கட்டாட்டி விடு. கொல்லன் பட்டறையில நானே சொல்லி வாங்கிக்கிறேன்."

அவன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். நாலாவது கம்பி அவளுக்கு இனாமாகவே கிடைத்தது.