மகன் குரலில் பேசிய கிளி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு சாம்பல் கிளியின் கதை சொல்கிறேன்.

ஒரு தையல்காரி இருந்தாள். வேலைக்காக வெளிநாடு போன மகன், தன் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை அவளிடம் விட்டுப் போனான். தனியாக விட்டால் அது தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கிப் போடும். அதனால் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே கூண்டை வைத்துக்கொண்டாள். மாதுளை உரித்துக் கொடுத்தாள், தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டினாள்.

அவளுக்கு ஒரே ஆசை. கிளி ஒரு தடவையாவது மகன் குரலில் 'அம்மா' என்று கூப்பிட வேண்டும். அவன் ஃபோன் வரும்போதெல்லாம் ஸ்பீக்கரைப் போட்டுக் கூண்டருகே பிடித்தாள்.

கிளியும் கற்றுக்கொண்டது. முதலில் மணிச்சத்தம், அப்புறம் அச்சு அசலாக அவன் குரல்.

"சரி சரி, ஃபோனை வைம்மா. எனக்கு வேலை இருக்கு."

அதிலும் ஒரு 'அம்மா' இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மூன்று வருஷம் கழித்து மகன் வந்தான். கிளி அவன் எதிரிலேயே அதைச் சொன்னது. அது தன் குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"யாரும்மா இது, இப்படி எரிஞ்சு விழறது?"

"துணி குடுக்க வர்ற யாரோப்பா."

"இப்படிப் பேசறவனை எதுக்கும்மா வீட்டுக்குள்ள விடறே?"

அவள் எழுந்து போய், கிளி மறுபடி வாயைத் திறக்கும் முன் கூண்டைத் துணியால் மூடினாள்.

உங்கள் வீட்டு ஃபோன் அடிக்கடி அடிக்கட்டும் கண்ணுகளா. அதில் வருகிற குரல் அவசரமில்லாமல் பேசட்டும்.