டிரம்முக்கு அடியில் ஒரு கைக்குட்டை

காப்பிப் பானையை முட்ட முட்ட நிரப்பி அடுப்பில் ஏற்றிய பிறகுதான் மாவிஸுக்கு உறைத்தது, இன்று செவ்வாய்க்கிழமை இல்லை, டெல்மரைப் புதைக்கும் நாள் என்று.

செவ்வாய்க்கிழமைதோறும் அவள் வீட்டுக் கார் கொட்டகையில் டிக்ஸிலேண்ட் என்கிற பழைய ஜாஸ் இசை வாசிக்கிறோம் பேர்வழி என்று ஆறு கிழங்கள் கூடும். பல் டாக்டர் ராய்ஸுக்கு டிரம். தீவனக் கடை ஹார்லனுக்குக் கார்னெட் என்கிற குட்டி டிரம்பெட். அவள் புருஷன் டெல்மருக்குக் கிளாரினெட். டெல்மர் எப்போதும் தாளத்தில் ஒரு தட்டு முந்திக்கொண்டு நுழைவார். மற்றவர்கள் வாய் வலிக்கத் திட்டுவார்கள். அடுத்த வாரமும் அதே கதைதான். இந்த அயோவா ஊரில் ஒரு ஈ காக்கை கேட்க வந்ததில்லை. ஆனாலும் அவர்கள் விட்டதில்லை.

கொல்லைக் கதவில் ராய்ஸும் ஹார்லனும் தொப்பியைக் கழற்றியபடி நின்றார்கள்.

"போகும்போது வாசிங்க. திரும்பும்போது ஒண்ணும் வேணாம்" என்றாள் மாவிஸ்.

"ஜாஸ்காரன் சாவுன்னா, புதைச்சிட்டுத் திரும்பறப்போ துள்ளலா ஒண்ணு வாசிக்கிறதுதானே முறை?" என்றார் ஹார்லன். "டெல்மரும் அதத்தான் கேட்டான்."

"அவரு கேட்டதெல்லாம் செஞ்சு செஞ்சுதான் இப்படி ஓஞ்சு போயிருக்கேன்."

பொய்யில்லை. இரண்டு குளிர்காலமாக அவரைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் போட்டு அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கிளாரினெட் இல்லாத துள்ளல் பாட்டைக் கேட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம், யார் தூக்கினாலும் எழுந்திருக்க முடியாது என்று பயமாக இருந்தது. ஹார்லன் காப்பியைக் குடித்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

கல்லறைத் தோட்டத்தில் ராய்ஸ் டிரம்மின் அடிக் கம்பிகளுக்கு இடையே ஒரு கைக்குட்டையைச் செருகினார். சாவு நடைக்கு டிரம் கலகலக்கக் கூடாது, மந்தமாக முழங்க வேண்டும். கைக்குட்டை டெல்மருடையது, அவள் இஸ்திரி போட்டது.

மெதுவான பாட்டு தொடங்கியது. ஒவ்வொரு அடி முடிவிலும் கிளாரினெட் பதில் சொல்லும் இடத்தை அவர்கள் வெறுமையாக விட்டார்கள். அந்த இடம் வருவதற்கு ஒரு தட்டு முன்பே மாவிஸின் தலை தானாக நிமிர்ந்தது. ஒவ்வொரு முறையும்.

பெட்டி இறங்கியது. பாதிரியார் அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஹார்லன் கார்னெட்டை உறைக்குள் வைக்கக் குனிந்தார். ராய்ஸ் வழிகிற மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாவிஸ் போய் டிரம்முக்கு அடியில் கைவிட்டுக் கைக்குட்டையை உருவினாள். கம்பிகள் கலீரென்றன.

"மூக்கத் துடை. பல் டாக்டராம்."

"மாவிஸ், அத எடுத்துட்டா அப்புறம் துள்ளல் பாட்டுதான்..."

"தெரியும். இத்தன வருஷமா கொட்டகைக்குப் பக்கத்துலதானே குடித்தனம் பண்றேன், செவிடா நான்?"

ஹார்லன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கார்னெட்டை மறுபடி வெளியே எடுத்து, வாயால் ஊதிச் சூடாக்கினார். பிறகு எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நாலு என்று சொல்வதற்குள் மாவிஸ் காலை எடுத்து வைத்துவிட்டாள்.