எரிவாயு அட்டவணை

“சங்கத்தோட தட்டி முன்னாடி வரணும். பஸ்காரங்களோடதைத் தூணுக்குப் பின்னாடி தள்ளுங்க,” என்றார் மா தேசிக்.

சாவுக்கூடத்து ஊழியர் அந்த மூன்றடுக்கு மலர்த் தட்டிகளை மூன்றாவது முறையாக இடம் மாற்றினார். பதினோரு தட்டிகளின் நாடாக்களில் அனுப்பியவரின் பெயரும் பதவியும் கொட்டை எழுத்தில் இருந்தன. செத்தவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. பன்னிரண்டாவதாக வந்த பஸ்காரர்களின் தட்டியில் மட்டும், ‘கில்பொக், கதவை மூடிட்டுக் கிளம்பு’ என்றிருந்தது. முப்பத்தோரு வருடம் வொன்ஜு நகரத்தில் பஸ் ஓட்டியவருக்கு அது போதுமான இரங்கல்தான். ஆனால் அதில் பதவி எதுவும் இல்லை. ஆகவே தூண்.

கறுப்புத் துக்க உடையின் நாடாவை இறுக்கிக்கொண்டே யோன்சில் அண்ணனைப் பார்த்தாள். எண்ணூறு வீடுகள் கொண்ட அடுக்ககத்துக்கு அவர் குடியிருப்போர் சங்கத் தலைவர். அதற்கு முன்னால் தான் என்னவாக இருந்தோம் என்பதை அவரே மறந்துவிட்டார். அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றபோதும், கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தவர் போலத்தான் நின்றார்.

அப்பாவுக்கு எண்பத்து மூன்று. ஒரு நாள்கூட மருத்துவமனைக் கட்டிலில் படுத்ததில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, அடியில் சுடுதண்ணீர்க் குழாய் ஓடும் சூடான தரையில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். கல்யாணச் சாவு. வந்தவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள், படத்தின் முன் இரண்டு முறை மண்டியிட்டு வணங்கினார்கள், தேசிக்குக்கு ஒரு வணக்கம் வைத்தார்கள், பிறகு சாப்பாட்டுப் பக்கம் திரும்பினார்கள். சிவந்த மாட்டுக்கறிக் குழம்பில் இரண்டாவது கரண்டி இறங்குவதற்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

யோன்சிலுக்கு மட்டும் ஒரு கரண்டிகூட இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவோடு சண்டை போட்டிருந்தாள். துணி தைத்துத் திருத்தும் கடையை மூடிவிட்டு, வாரத்தில் மூன்று நாள் அப்பாவுக்குக் கறி வகைகள் கொண்டுபோவது அவள் வழக்கம். மாதம் ஒரு முறை எரிவாயு மீட்டர் எண்ணை வீட்டுக்காரரே எழுதவேண்டிய தாள் வாசல் கதவில் ஒட்டியிருந்தது. நவம்பரில் எழுபத்து நான்கு கனமீட்டர். டிசம்பரில் நூற்று அறுபத்தெட்டு. ஜனவரி பாதிகூடத் தாண்டவில்லை, மீட்டர் கணக்கில் அதற்குள் தொண்ணூறு. ஒண்டிக்கட்டைக் கிழவர் ஒருவருக்கு.

முன்னறை ஐஸ் பெட்டியாக இருந்தது. அதன் சுவரில் இருந்த பாய்லர் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வெப்பம் இருபது டிகிரி என்று ஒழுங்காகத்தான் வைக்கப்பட்டிருந்தது. பின்னறைக் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. அப்பா பனியனோடு உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, வெளியே பெய்யும் பனியைப் பார்த்தபடி குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தார்.

“நான் இல்லாதப்ப முப்பதுல வச்சுக்கறீங்க. படியில என் செருப்புச் சத்தம் கேட்டதும் இருபதுக்குக் குறைச்சிடறீங்க. அதானேப்பா?”

“நான் அதைத் தொடவே இல்லம்மா.”

“அப்போ எப்படி இந்தச் சூடு?”

“தெரியல. வந்துச்சு. உனக்கும் ஒரு ஐஸ் எடுத்துக்க.”

“சின்னப் புள்ள மாதிரிப் பொய் சொல்லாதீங்க,” என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். அவரிடம் அவள் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். சனிக்கிழமையான இன்றும் அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் உண்மையிலேயே தொடவில்லை என்றால்?

நடுமேசையில் தேசிக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். திரையில் ஓர் அட்டவணை. மாதம், கனமீட்டர், காரணம் என்று மூன்று பத்திகள். காரணம் என்ற பத்தியில் கீழே வரைக்கும் ஒரே வாசகம்: ‘தந்தையின் கவனக்குறைவு’.

“எரிசக்தி என்பது முதலில் ஒழுக்கம்,” என்று சங்கத்து ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமை உரைகளுக்கு அவர் வைத்திருக்கும் எழுத்து நடை அது. கொஞ்சம் சூடேறியதும் இறங்கிவந்தார். “நவம்பர் கடைசி ஞாயிறு. நானே நேர்ல போனேன். சமையலறையில பாத்திரம் கழுவற தொட்டிக்கு அடியில மண்டி போட்டு, எந்தெந்த அறைக்குச் சுடுதண்ணி போகணும்னு அஞ்சு மணி நேரம் ஆய்வு பண்ணி, வேண்டாத வால்வை எல்லாம் மூடி, பேரெழுதி ஒட்டினேன். நான் தலையிடலைன்னா இது ரெண்டு மடங்கு ஆயிருக்கும். அப்பா ஒத்துழைக்கல, அதான் சோகம்.”

சங்கத்து ஆட்கள் தலையாட்டினார்கள். மூலை மேசையில் ஒருவருக்குக் குழம்பு மூக்கில் ஏறிப் புரையேறியது.

அது குக் ஜோங்மான். நாற்பது வருடம் வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுதுபார்த்தவர். பக்கத்தில் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தவர் பழக்கடை பேக். இருவரும் தினமும் மதியம் அப்பாவின் பின்னறையில் சீட்டாடுகிறவர்கள். யோன்சில் சோஜு மதுப் புட்டியோடு போய் அவர்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

“அப்பா எப்படிப் போனார்னு இன்னும் யாருமே எனக்குச் சரியாச் சொல்லல மாமா.”

“ரெண்டு ஆட்டம் ஜெயிச்சான்,” என்றார் பேக். “முதுகைக் கொஞ்சம் சுட்டுக்கறேன்னு படுத்தான். நாங்க ஒரு ஆட்டம் ஆடினோம். அப்புறம் அவன் முறை. எழுப்பினா எந்திரிக்கல. ஜெயிச்சவன் எப்பவும் இப்படித்தான் நடிப்பான்னு சொல்லிட்டு இவன் இன்னொரு ஆட்டம் போட்டுட்டான்.”

“போன வாரம் நடிச்சானே,” என்றார் குக். “எனக்கு எப்படித் தெரியும்?”

“முகம் எப்படி இருந்துச்சு?”

“வேர்த்திருந்துச்சு. சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வந்தவன் மாதிரி.”

யோன்சிலுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு பக்கம் திரும்பப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு, “நான் அவரைப் பொய்யர்னு சொல்லிட்டு வந்துட்டேன் மாமா,” என்றாள். “நீங்க தினமும் அங்கதான இருந்தீங்க. அவர் நெசமாவே அந்தப் பெட்டியைத் தொடலையா?”

குக் கிண்ணத்தைக் காலி செய்தார். “வாக்கு குடுத்திருக்கேன் புள்ள.”

“யாருக்கு?”

“அந்தா, படத்துல இருக்கறவனுக்கு.”

“அவன்தான் போயிட்டானே, சொல்லித் தொலைடா,” என்றார் பேக்.

“ஆள் போனா வாக்கு போயிருமா?”

“நீ மாட்டின பாய்லருக்கே மூணு வருஷம்தான் உத்தரவாதம். உன் வாக்குக்கு எவ்வளவு?”

குக் அவரை முறைத்தார். பிறகு சோஜுக் கிண்ணம் ஒன்றை மேசையின் இந்தக் கோடியிலும் இன்னொன்றை அந்தக் கோடியிலும் வைத்தார்.

“இது முன்னறை. இது அப்பன் படுக்கற பின்னறை. யாரும் உக்காராத எடத்துக்கு எதுக்குச் சூடுன்னு உங்கண்ணன் முன்னறை வால்வை மூடிட்டாரு. தரைக்கடியில சுடுதண்ணி அந்தப் பக்கமே போகாது. சரியா? ஆனா வெப்பத்தை அளந்து பாக்கற பெட்டி எங்க இருக்கு?”

“முன்னறைச் சுவத்துல.”

“இருபது வர்ற வரைக்கும் எரின்னு அது பாய்லருக்குச் சொல்லும். மூடின அறையில இருபது எந்தக் காலத்துல வரும்? சித்திரை வைகாசிலதான் வரும். அது வரைக்கும் ராப்பகலா எரியும். எரியறது அத்தனையும் எங்க போகும்?”

யோன்சில் இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்தாள்.

“அப்பா முதுகுக்குக் கீழ,” என்றாள்.

“நாலு நாள்ல கண்டுபிடிச்சிட்டேன். திறந்துவிடறேன்னேன். உங்கப்பன் தொட்டிக் கதவுக்கு முன்னாடி வந்து உக்காந்துட்டான். ‘பதினோரு வருஷத்துல முதல் தடவையா என் மவன் ஒரு முழு நாள் என் வீட்டுல இருந்தான். நான் போட்ட நூடுல்ஸை ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான். டார்ச்சைப் பிடிங்கப்பான்னான், அஞ்சு மணி நேரம் பிடிச்சேன். அவன் செஞ்சது தப்புன்னு எவனாவது அவன் காதுல போட்டா, போட்ட ஆளோட எனக்கு இனி சீட்டு கிடையாது’ன்னான்.”

“அறை நல்லாச் சுட்டுச்சுங்கறதையும் சொல்லு,” என்றார் பேக். “எனக்கு மூட்டுவலியே போயிருச்சு.”

“அதுவும்தான்,” என்று குக் ஒத்துக்கொண்டார்.

யோன்சில் ஆறிப்போயிருந்த குழம்பில் சோற்றைக் கொட்டினாள். கரண்டியால் கலந்து, நிமிராமல் முழுக் கிண்ணத்தையும் தின்றாள். ஊழியரைக் கூப்பிட்டு இன்னொன்று கேட்டாள். நடுமேசையில் அட்டவணை புதிய பார்வையாளர் ஒருவரின் மூக்குக்கு நேராகப் போய் நின்றது.

“போய்ச் சொல்லேன்,” என்றார் பேக் ஆசையாக. “எல்லாருமே இருக்காங்க.”

“நாளைக்கு அண்ணன் மண்ணு போடட்டும். வீட்டுக்கு வந்ததும் சொல்றேன்.”

“சொல்லுவியா?” என்று குக் கேட்டார்.

“வாக்கு உங்களோடது மாமா. என்னோடது இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைச்சரிவில் பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. மண் கல்லாய் உறைந்திருந்ததால் சின்ன யந்திரம் வைத்துத்தான் தோண்டினார்கள். தேசிக் மெல்லிய அடி வைத்த விலையுயர்ந்த சப்பாத்தில், கணுக்கால் வரை பனியில் நின்று, நான்கு பக்க இரங்கலுரை வாசித்தார். இரண்டாவது பக்கத்தைக் காற்று பிடுங்கிக்கொண்டு பள்ளத்தாக்குப் பக்கம் போனது. ஒருவரும் துரத்தவில்லை. முதல் பக்கத்திலிருந்து நேராக மூன்றாவது பக்கத்துக்குப் போனார், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மதியம் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன், தங்கை, பின்னாலேயே குக்கும் பேக்கும். தேசிக் பின்னறை வாசலில் நின்றார்.

“பார். ஆள் போன பிறகும் எரியுது. எவ்வளவு வீண்,” என்றார். பல் தந்தியடித்ததில் வாசகத்தின் கம்பீரம் பாதிதான் வெளியே வந்தது. ஆய்வு செய்கிற தோரணையில் உள்ளே போனார், குனிந்து தரையில் ஒரு விரலை வைத்தார், பிறகு உள்ளங்கையை வைத்தார், பிறகு உட்கார்ந்தே விட்டார்.

“அண்ணே, அந்த அட்டவணையை எடு,” என்றாள் யோன்சில்.

“இப்ப எதுக்கு?”

“காரணம்னு ஒரு பத்தி இருக்கில்ல. அதை அழி.”

“அது ஆதாரப்பூர்வமான—”

“அப்பா தொடவே இல்ல. எனக்கு நல்லாத் தெரியும். அழி.”

தேசிக் கைப்பேசியை எடுத்தார். குளிரில் விரல்கள் மரத்திருந்ததால் திரை இரண்டு முறை அவரை அடையாளம் காண மறுத்தது.

“சரி. அவர் இல்லன்னா, வேற யாரு?”

குக் கூரையைப் பார்த்தார். பேக் வாயைத் திறந்து, குக்கின் முழங்கை விலாவில் பட்டதும் மூடினார். யோன்சில் அண்ணனைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயது. மூக்கு சிவந்து ஒழுகியது. மூத்த மகனுக்கான துக்கப்பட்டி முழங்கைக்குச் சரிந்திருந்தது. தரையிலிருந்து அண்ணாந்து பதிலுக்காகக் காத்திருந்தார். நேற்றிலிருந்து அவள் தயாராக வைத்திருந்த வாக்கியம், கால் கை முளைத்து, வெகு இனிப்பாக நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“யாரோ,” என்றாள். “வீடு பழசு.”

தேசிக் யோசித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ‘தந்தையின் கவனக்குறைவு’ மூன்று வரிசையிலும் அழிந்தது. அந்த இடத்தில், ‘காரணம்: ஆய்வில் உள்ளது’ என்று போட்டார்.

“அப்பா டார்ச்சை ஆடாமப் பிடிச்சார் தெரியுமா,” என்றார் திடீரென்று. “அஞ்சு மணி நேரம். கை மாத்திக்கவே இல்ல.”

முதுகை மட்டும் ஐந்து நிமிடம் சாய்க்கப்போவதாக அறிவித்துவிட்டுத் தலைவர் படுத்தார். அறிவிப்பு முடிவதற்குள் குறட்டை தொடங்கிவிட்டது.

பேக் மேல்கோட்டைக் கழற்றினார், கம்பளிச் சட்டையைக் கழற்றினார், பனியனோடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். குக் யோன்சிலின் காதருகே வந்தார்.

“வால்வைத் திறந்துவிடட்டுமா?”

“நாளைக்கு,” என்றாள்.

அண்ணனின் காலுறைகள் பனியில் ஊறிக் கனத்திருந்தன. அவரை எழுப்பாமல் ஒவ்வொன்றாக உருவி, தரையில் அருகருகே விரித்தாள். உடனே ஆவி கிளம்பியது. வலது காலுறையில் கட்டைவிரல் இடத்தில் ஒரு நாணயம் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. யோன்சில் பையிலிருந்து ஊசியை எடுத்துக் கறுப்பு நூல் கோத்துக்கொண்டு, அது காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.