பகலில் எரியும் விளக்குகள்

சவப்பெட்டியை மூடப் போகும்போது இட்ஸெல் அப்பாவின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக நெஞ்சில் வைத்து, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். அவை அப்பாவின் கைகள் மாதிரியே இல்லை. அப்பாவின் கைகள் எப்போதும் தொடை மேல் கிடக்கும், விரல்கள் லேசாக மடங்கி, எதையோ பிடிக்கப் போகிற மாதிரி.

தானாக ஓடும் கார்களைச் சாலையில் பழக்கிய காலத்தில் வந்த பழக்கம் அது. நான்கு வருடம் அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் தானாகத் திரும்பும். தப்பாகத் திரும்பினால் மட்டும் அவர் பிடிக்க வேண்டும். வேலை போன பிறகும் கைகள் அதை மறக்கவில்லை. போன புதன்கிழமை சோபாவில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்தது. அப்போதும் கைகள் அப்படியேதான் இருந்தன.

"நீ லாலோ சித்தப்பா வண்டியில ஏறிக்கோ," என்றாள் அம்மா. "அடக்கம் முடிஞ்சு எல்லாரும் சாப்புடற பீன்ஸ் பானைய யாராவது புடிச்சிக்கணும். லாலோ ஓட்டுற லட்சணத்துக்குப் பாதி ரோட்டுல கொட்டிடும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வரிசை அறுந்துடக் கூடாது இட்ஸெல். உங்கப்பா பின்னாடி எல்லாரும் ஒண்ணா போய்ச் சேரணும். அவனப் பாத்துக்கோ."

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. ஊர்வலத்துக்கு வழிவிட வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒவ்வொரு வண்டியின் கூரையிலும் காந்தம் வைத்த ஆரஞ்சுக் கொடியை ஒட்டிக்கொண்டு வந்தார். வரிசையின் கடைசியில் சித்தப்பாவின் பிக்கப்.

"எடுய்யா அத! பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம்கூட ஆவல."

"கொடி இல்லன்னா நீங்க ஊர்வலத்துல வர்றீங்கன்னு யாருக்குங்க தெரியும்?"

"எங்கண்ணனப் பொதைக்கப் போறேன்னு எனக்குத் தெரியுது. போதும்." சித்தப்பா கொடியைப் பிடுங்கி இருக்கைக்குப் பின்னால் வீசினார்.

"ஹெட்லைட்டையாவது போடுங்க," என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போய்விட்டார். சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே அதைப் போட்டார்.

வண்டிகள் மெல்ல நகர்ந்தன. இட்ஸெல் சூடான பானையை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டாள். ஒவ்வொரு சந்திப்பிலும் மோட்டார் சைக்கிள் குறுக்கே நின்று மற்ற வண்டிகளைத் தடுத்தது. சிவப்பு விளக்கு விழுந்தாலும் வரிசை நிற்காமல் கடந்தது.

"அந்த நடைபாதை தெரியுதா?" சித்தப்பா தாடையால் காட்டினார். "நான் போட்ட சிமெண்ட்டு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி போட்டது. ஒரு விரிசல் காட்டு பாப்போம்."

"நல்லாருக்கு சித்தப்பா."

"உங்கப்பன் நாலு வருஷம் உக்காந்தாரே, அதுல என்ன இருக்கு? சும்மா உக்காந்ததுக்குச் சம்பளம். காரு பழகின பிறகு ஆளே வேணாம்னு அனுப்பிட்டானுங்க." கேலி பாதியிலேயே இறங்கிவிட்டது. "இல்ல, நெசமாத்தான் கேக்கறேன். இதான் எங்கண்ணன் செஞ்சதுன்னு எதக் காட்டறது?"

புதன்கிழமையிலிருந்து இட்ஸெல்லும் தனக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பானையின் மூடியைச் சரிசெய்தாள்.

"ஒரு தடவ இப்படித்தான் ஒரு சாவு ஊர்வலம் போச்சாம். ரெண்டு வண்டிக்கு நடுவுல இடம் இருக்குன்னு அப்பாவோட காரு உள்ள நுழையப் பாத்துச்சாம். அப்பா பட்டுனு புடிச்சித் திருப்பிட்டாரு. ராத்திரி சாப்புடறப்போ சொன்னாரு, கொடியெல்லாம் நம்ப முடியாது, வெயில்ல தெரியாது. பட்டப்பகல்ல லைட்டு எரிய, வரிசையா மெதுவா வந்தா அது சாவு. நின்னுடணும். அதச் சொல்லிட்டு வந்திருக்கேன்னாரு."

"யாருகிட்ட?"

"காருகிட்டதான். உள்ள பேசினா பதிவாகுமாம். அப்புறம் யாராவது கேட்டுத் திருத்துவாங்களாம்."

"காருகிட்ட பேசினாராமா!" சித்தப்பா ஸ்டியரிங்கைத் தட்டினார். "என் கல்யாணத்துல நாலு வார்த்த பேசுன்னா வேர்த்துக் கொட்டின மனுஷன். சரி, கேட்டாங்களா?"

"தெரியல."

அப்போதுதான் ஒரு சிவப்புக் கார் பக்கத்திலிருந்து பாய்ந்து அவர்களுக்கு முன்னால் நுழைந்தது. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். பானை குலுங்கி, குழம்பு இட்ஸெல்லின் கறுப்புக் காலணியில் வழிந்தது. சிவப்புக் கார் சந்திப்பில் வலப்புறம் திரும்பி ஓடிவிட்டது. அதற்குள் வரிசை தூரப் போயிருந்தது. கடைசி வண்டியும் கடந்துவிட்டதென்று நினைத்து மோட்டார் சைக்கிளும் முன்னால் போய்விட்டது.

சந்திப்பில் அவர்களுக்குச் சிவப்பு விழுந்தது.

குறுக்கே வரும் சிறிய சாலையில் ஒரு வெள்ளைக் கார் முதலாவதாக நின்றது. அதன் தலையில் ஒரு சின்னக் குமிழ் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. அதற்குப் பச்சை எரிந்தது. அது நகரவில்லை. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

"அதுக்குப் பச்சைதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் நிக்குது? கெட்டுப் போச்சா?"

"தெரியல சித்தப்பா."

இருவரும் குனிந்து அந்தக் காலி இருக்கையைப் பார்த்தார்கள். பின்னால் ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டித் திட்டினான். வெள்ளைக் கார் அசையவில்லை. தூரத்தில் கடைசி ஆரஞ்சுக் கொடி சின்னதாகிக்கொண்டே போனது.

"போங்க," என்றாள் இட்ஸெல்.

"நான் நடுவுல போறப்ப அது கெளம்பிச்சுன்னா? உன் பக்கம்தான் வந்து இடிக்கும்."

"போங்க சித்தப்பா. அம்மா வரிசைய விடாதன்னு சொன்னாங்க."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு, நடைவேகத்தில் வண்டியை நகர்த்தினார். இட்ஸெல் அந்தக் காரின் மீதிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடிக்குள் வெயில் விழுந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. யாரும் தொடாத ஸ்டியரிங். அழுக்குப்படாத இருக்கை. இருக்கையின் முன்பக்கம், இரண்டு கைகள் இருந்தால் எங்கே இருக்குமோ, அங்கே ஒன்றும் இல்லை.

கடந்துவிட்டார்கள். அவள் உடம்பை முழுக்கத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வெள்ளைக் கார் இன்னும் கொஞ்சம் பொறுத்தது. வேறு யாரும் வருகிறார்களா என்று பார்ப்பது மாதிரி இருந்தது. பிறகு ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. கார் தன் வழியே போனது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அப்ப கெட்டுப் போகல."

"இல்ல."

பெரிய வண்டியைப் பார்த்துப் பயந்து நின்றிருக்கலாம். எல்லாவற்றுக்கும் அப்படித்தான் நிற்குமோ என்னவோ. அப்பா சொன்னதை யாரும் கேட்காமலேயே அழித்திருக்கவும் கூடும். யாரிடம் போய்க் கேட்பது என்று இட்ஸெல்லுக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் போல மட்டும் இருந்தது.

சித்தப்பா வேகத்தைக் கூட்டி வரிசையைப் பிடித்தார். கல்லறைத் தோட்டத்தின் வாசல் தெரிந்தபோது, "நம்ம வண்டியில கொடியே இல்லையே," என்றார். அது கேள்வி மாதிரி இல்லை.

உள்ளே அம்மா சவ வண்டியின் பக்கத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிக்கப் நுழைந்ததைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்க வந்தவர்களிடம் தலையசைத்தாள்.

சித்தப்பா இன்ஜினை நிறுத்தினார். பிறகு இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, கசங்கிய ஆரஞ்சுக் கொடியை எடுத்தார். சட்டையில் தேய்த்து நீவினார். இறங்கி, புதுப் பெயிண்ட்டின் மேல் அதை ஒட்டினார். காந்தம் டக்கென்று பிடித்தது.

இட்ஸெல் பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "சித்தப்பா, லைட்ட அணைக்கல."

"எரியட்டும்," என்று சொல்லிவிட்டு, அண்ணனைத் தூக்க நடந்தார்.