பத்தி ஏழு: அரசின் கருத்து

1

இது எனக்குச் சொல்லப்பட்ட கதை. சொன்னவர் என் அக்காள் கணவர் அழகியநம்பி. 2008 மே மாதத்தில் ஒரு காலை, திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தில் நாகர்கோவில் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் சொன்னார். வண்டியில் ஏறும்போது, "இதையெல்லாம் எழுதிராதே, கேட்டியா" என்றார். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். எழுதுகிறேன்.

முதல் முயற்சி: "ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையம் கலைக்கப்படவிருந்த அந்த ஆண்டில், உலக நாடுகள் யாவும்—"

வேண்டாம், செய்தித்தாள் வாசிப்பதுபோல் இருக்கிறது.

இரண்டாவது: "ஜெனீவாவில், பனி விழும் ஜன்னலருகே ஒரு அதிகாரி—"

நான் பனியைப் பார்த்ததில்லை. அத்தானும் பார்த்ததில்லை. இந்தக் கதையில் பேசுகிற யாருமே பார்த்ததில்லை.

ஆகவே திருவனந்தபுரத்தின் ஆரியசாலையில் பிறந்து வளர்ந்து, கேரள அரசுத் துறையொன்றில் உதவியாளராக இருந்த ஒரு மனிதரின் மேசையிலிருந்து தொடங்குகிறேன்.

2

2005, அக்டோபர். ஜெனீவாவில் இருந்த பழைய ஆணையத்தின் பெயர் கெட்டுப்போயிருந்தது. தன் மக்களை அடிக்கும் நாடுகளே நீதிபதிகளாக உட்கார்ந்திருப்பதாகப் பலரும் சொன்னார்கள். அதைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஒரு பேரவை அமைப்பதென்று பேச்சு. அது எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு அரசும் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. டில்லி மாநிலங்களையும் ஒரு வார்த்தை கேட்டது. (இது என் கற்பனை. கேட்டதா என்று யாரும் தேடிப் போக வேண்டாம்.)

மேலிடத்திலிருந்து பத்துப் பத்திகள் கொண்ட ஒரு வரைவு வந்தது. அதைச் செப்பனிட்டுத் தட்டச்சுக்கு அனுப்புவது அத்தானின் வேலை. ஒவ்வொரு பத்தியும் ஒரே மாதிரித் தொடங்கியது: கவர்ன்மெண்ட் ஆர் ஆஃப் த வியூ. அரசு கருதுகிறது என்று ஒருமையில் இல்லை. கருதுகிறார்கள் என்று பன்மை. எங்கள் ஊர் அலுவலக ஆங்கிலத்தில் அரசு எப்போதும் பன்மைதான்.

"இருபத்தாறு வருஷமா எழுதறேன். அன்னைக்குத்தான் தோணிச்சு, இந்தப் பன்மையிலே நானும் ஒருத்தன்னு. உடம்பு சிலிர்த்துட்டுது" என்றார் அத்தான்.

பாரபட்சம் கூடாது, எந்த நாட்டின் இறையாண்மையிலும் கை வைக்கக் கூடாது, கண்டனத்தைவிட உரையாடலே மேல் என்று வழக்கமான பத்திகள். ஏழாவது மட்டும் சிறியது. தனிமனிதர்கள் அனுப்பும் புகார்கள் ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்றில் இருந்தால் மட்டுமே ஏற்கப்பட வேண்டும். மற்றவற்றைப் பதிவு செய்யத் தேவையில்லை.

அத்தான் அதில் ஒரு கால்புள்ளியைத் திருத்திவிட்டு எட்டாவதற்குப் போனார்.

3

இரண்டு நாள் கழித்து இன்னொரு கோப்பு வந்தது. அந்தப் பிரிவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரிடம் வந்தது.

மேலே, இதைப் பார்த்து ஆவன செய்யும்படி டில்லியின் கடிதம். அதன் கீழே ஜெனீவாவின் கடிதம். எல்லாவற்றுக்கும் அடியில் கோடு போட்ட நோட்டுத் தாளின் நகல், மூன்று பக்கம், நீல மையில் தமிழ். எழுதியவர் தாசம்மாள். ஊர் மார்த்தாண்டம் பக்கம். இப்போதைய விலாசம், அத்தானின் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு வாடகை அறை.

அவளுடைய கணவர் சுவாமிதாஸ் கொத்தனார். 2001இல் திருவனந்தபுரத்தில் வேலை நடந்த இடத்தில் கம்பி காணாமல் போனதாக விசாரிக்கப் போலீஸ்காரர்கள் அழைத்துப் போனார்கள். மூன்று நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது வலது கை விரல்கள் மடங்கவில்லை. கரண்டி பிடிக்க முடியாத கொத்தனார். கம்பி பிறகு வேறெங்கோ கிடைத்துவிட்டது.

(காவல் நிலையத்தின் பெயரை அத்தான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.)

நான் அவரிடம் கேட்ட கேள்வி இதுதான்: "தமிழ்க் கடிதத்தை அங்கே யார் அத்தான் படிச்சிருப்பா?"

"யாரும் படிச்சிருக்க மாட்டா. ஆனா யாரோ ஒருத்தர் குப்பையிலே போடலே. இது என்ன மொழின்னு விசாரிச்சிருக்கணும். எந்த நாடுன்னு கண்டுபிடிச்சு டில்லிக்கு அனுப்பியிருக்கணும். டில்லியிலேயும் ஒருத்தர் போடலே. மூணு வருஷம் சுத்தி, எழுதினவ வீட்டுக்கு நாலு தெரு பக்கத்திலே குடியிருக்கிறவன் மேசையிலே வந்து விழுந்திருக்கு."

அந்த யாரோ ஒருவரைக் கதாபாத்திரமாக்க நான் மூன்று முறை முயன்றேன். பெயர் வைத்தேன், மூக்குக்கண்ணாடி போட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. அவரை யாரென்று தெரியாதவராகவே விட்டு, இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்.

அன்று மதியம் அத்தான் ஏழாம் பத்தியை எடுத்து மறுபடி வாசித்தார். அதன்படி பார்த்தால் இந்தக் கடிதமே இல்லை.

4

கோப்பில் இருப்பவரை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது முறையல்ல. அத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனார்.

தாசம்மாள் தம்பானூர் ஓட்டலொன்றில் காய் நறுக்கும் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையைச் சேலையில் துடைத்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எனக்க லெட்டரா சாரே? போய்ச் சேந்துதா?"

"போய்ச் சேர்ந்து, திரும்பியும் வந்திருக்கும்மா. விலாசம் எப்படிக் கெடைச்சுது?"

"எங்க சபையில பொன்செல்வின்னு ஒரு டீச்சரு. இங்கிலீசுல அட்ரஸ் மட்டும் எழுதித் தந்தா. உள்ள உள்ளது நீயே எழுது, உனக்குத்தானே தெரியும்னா."

"தமிழ்லே எழுதினா அவங்களுக்குப் புரியுமான்னு நெனைக்கலியா?"

அவள் யோசித்தாள். "அங்கயும் மனுசங்கதானே சாரே இருக்கது? வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரு எங்கயாம் இருப்பாருன்னு நெனச்சேன்." பிறகு அவரையே பார்த்தாள். "வாசிச்சது நீங்கதானா?"

அத்தான் ஆமென்று தலையை ஆட்டினார்.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த சுவாமிதாஸ் அப்போதுதான் பேசினார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். யாரையும் தண்டிக்காண்டாம். அடிச்சது உள்ளதுதான்னு ஒரு பேப்பர்ல எழுதணும். நான் விழுந்து கை ஒடிச்சேன்னு அவங்க எழுதி வச்சிருக்காங்க. நான் விழல."

5

இந்த இடத்தில் எனக்கு அத்தான்மேல் ஒரு சந்தேகம் உண்டு. பிரிவு அலுவலர் முன்னால் குரலை உயர்த்தாத மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் இடையில் அவருக்குள் என்ன நடந்தது? கேட்டேன். "தெரியலே. எழுதிட்டேன்" என்றார். அதற்குமேல் உளவியல் எழுத எனக்கு உரிமையில்லை.

திங்களன்று காலை இரண்டு காரியம் செய்தார். தாசம்மாளின் மூன்று பக்கத்தையும் ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, விசாரணையை மறுபடி திறக்கலாம் என்ற குறிப்போடு கோப்பில் வைத்தார். ஏழாம் பத்தியை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்: புகார் செய்பவர் தமக்குத் தெரிந்த மொழியில் எழுதலாம், அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில் பதிலும் தர வேண்டும் என்று அரசு கருதுகிறார்கள்.

மேலதிகாரி கிருஷ்ணகுமார் அதை இரண்டு முறை வாசித்தார். அத்தானோடு பேசும்போது அவர் தன் மலையாளத்தில் கொஞ்சம் தமிழ் கலந்துகொள்வார்.

"நம்பி, இது ஆருடெ அபிப்ராயம்?"

"கவர்ன்மெண்டோட அபிப்ராயம் சார்."

"கவர்ன்மெண்ட் எப்போ இங்ஙனெ சொல்லி?"

"சார் கையெழுத்துப் போட்டா சொல்லிரும்."

கிருஷ்ணகுமார் சிரிக்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். "டில்லி இதை வெட்டும், கேட்டோ."

"வெட்டட்டும் சார். அது அவங்க வேலை. நாம எதுக்கு வெட்டணும்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகுமார் தாசம்மாளின் நகலை இழுத்து, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கோப்பிலும் கையெழுத்திட்டார்.

அரசுக்கு ஒரு கருத்து உண்டானது இப்படித்தான். மலையைப்போல் பெரிது என்று நான் நினைத்திருந்த ஒன்று, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில், காலை பதினொன்றரை மணிக்கு.

6

முடிவுகள்.

அ) அந்த வாக்கியம் டில்லி போய், ஜெனீவா போய், உலகமே எழுந்து நின்று— இல்லை. 2006இல் புதிய பேரவை வந்தது. எனக்குத் தெரிந்தவரை மொழிகள் இன்றும் அதே ஆறுதான். பத்தி ஏழு எங்கே வெட்டப்பட்டது என்று யாருக்கும் தெரியாது.

ஆ) அத்தானுக்கு மெமோ கொடுத்து வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இதுவும் நடக்கவில்லை. யாரும் கவனிக்கக்கூட இல்லை.

நடந்தது இது. விசாரணை மறுபடி திறந்தது. ஓர் அதிகாரி வந்து தமிழிலேயே வாக்குமூலம் வாங்கினார். 2007 கடைசியில் அறிக்கையின் நகல் தாசம்மாளுக்குத் தபாலில் வந்தது, மலையாளத்தில். இருவருக்கும் மலையாளம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அவள் அதை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்கு வந்து அத்தானைக் கூட்டிப்போனாள்.

பதினொரு பக்கம். யார் பெயரும் இல்லை, யாருக்கும் தண்டனை இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அத்தான் அதைத் தமிழில் சொன்னார்: "மேற்படி சுவாமிதாஸின் கையில் ஏற்பட்ட காயம், அவர் காவலில் இருந்தபோது அடிக்கப்பட்டதால் உண்டானது என்று காணப்படுகிறது."

தாசம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். சுவாமிதாஸ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், இன்னொரு தடவ வாசிங்க."

அத்தான் வாசித்தார்.

"இன்னொரு தடவ."

இங்கே நாகர்கோவில் வண்டி வந்துவிட்டது. அத்தான் பையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். மூன்றாவது முறை அவர் குரல் எப்படி இருந்தது, கேட்டுவிட்டு அந்த மனிதர் என்ன செய்தார் என்று நான் பிறகும் விசாரிக்கவில்லை. அந்த வரியை மேலே கொடுத்திருக்கிறேன். அதை நீங்கள் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள்.