ரோஸ்மேரி சொன்ன ஆடிட் பதில்

எங்கள் தத்துவத் துறையின் சுவரில் முதலுதவிப் பெட்டியை மாட்டியபோதே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடங்களாக அங்கே கௌரவ விரிவுரையாளராக அறவியல் நடத்துகிறேன். ஒரு தடவை நான் வகுப்பிலேயே மயங்கி விழுந்தபோது முகத்தில் தெளிக்கத் தண்ணீர்கூட இல்லை. எதிர்க்கடை சோடாவை உடைத்து ஊற்றித்தான் எழுப்பினார்கள். இப்போது துறையின் தரம் பார்க்க ஆய்வுக் குழு வருகிறது என்றதும் முதலுதவிப் பெட்டி, பக்கத்தில் புகார்ப் பெட்டி, அதற்கும் பக்கத்தில் ‘மனநல ஆலோசனை அறை’ என்று பளபளப்பாக ஒரு பலகை. அந்த அறையில் முந்தாநாள்வரை உடைந்த பெஞ்சுகள் கிடந்தன.

எல்லாம் துறைத் தலைவர் மகுடேஸ்வரனின் ஏற்பாடு. அவர் குடும்பத்துக்குப் பனியன் கம்பெனி இருக்கிறது. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பினால் கம்பெனியில் என்ன நடக்கும் என்று திருப்பூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டி மாட்டுவார்கள், கக்கூஸ் கழுவுவார்கள், ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தொழிலாளிகளை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். மனிதர் அதை அப்படியே தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டார்.

“ஏனுங்க கலைமகள், நல்லாப் பேசற புள்ள ஒண்ணு வேணுமுங்க. துறை எங்களத் தாங்கிப் புடிக்குதுன்னு குழுகிட்டச் சொல்லோணும்” என்றார்.

எனக்கு உடனே ரோஸ்மேரி ஞாபகம் வந்தாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ரோஸ்மேரி எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி. நாசரேத் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா ஜெபக்குமார் முதுகெலும்பு தேய்ந்து படுத்ததிலிருந்து, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள். தைத்து வரும் துணியில் ஓட்டையும் கறையும் பார்த்துப் பிரித்துப் போடுகிற வேலை. ஆர்டர் அவசரம் என்றால் வகுப்புக்கு வர முடியாது. எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அவளுக்கு அறுபத்தொன்றுதான் இருந்தது. வேலை பார்த்துப் படிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. இன்ன இடத்தில் வேலை பார்க்கிறாள் என்று துறைத் தலைவர் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தை நானே டைப் அடித்து அவர் மேசையில் வைத்து மூன்று வாரமாகிவிட்டது. இந்தப் பரீட்சை போனால் அவள் படிப்பு அத்தோடு சரி. இன்னொரு வருடம் தாங்க அந்த வீட்டில் தெம்பு கிடையாது.

“குழு போன மறுநாளே கையெழுத்துப் போட்டுத் தர்றேன் கண்ணு” என்று அவளிடம் சொன்னார் மகுடேஸ்வரன். “கம்பெனி ஆடிட்ல சொல்லுவீல்ல, அதே மாதர சொல்லீரு. இங்க படிக்கறவங்க யாரும் வேலைக்குப் போறதில்ல, எல்லாத்தையும் துறையே பாத்துக்குதுன்னு சொல்லு.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என் அடுத்த வருடப் பணி நீட்டிப்புத் தாளும் அதே மேசையில், அதே கையெழுத்துக்குத்தான் காத்துக் கிடந்தது. போதாததற்கு இரண்டு நாள் நானே அவளை உட்காரவைத்து ஒப்பிக்கச் செய்தேன். பெரிய அறவியல் வாத்தியார்!

“கவலப்படாதீய மேடம்” என்று சிரித்தாள் ரோஸ்மேரி. “கம்பெனில ஆடிட்டர் கேட்டா ஓவர்டைமே கெடையாதுன்னு சொல்லுவோம். முந்துன நாளுதான் பதினாறு மணி நேரம் நின்னுருப்போம்.”

கம்பெனியில் சொல்லும் பதில் ஆடிட்டரோடு ஏரோப்பிளேன் ஏறிப் போய்விடும். இதுவும் அப்படித்தான் என்று அவள் நினைத்தாள். படித்த முண்டம், நானும் அப்படியே நினைத்தேன்.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். சந்தனம், இளநீர், ஆளுக்கொரு பனியன் பெட்டி. அவர்களில் ஓர் அம்மாள் மாணவர்களைப் பார்த்து, “வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?” என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

ரோஸ்மேரி எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“இல்லை மேடம். நானும் போவதில்லை. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றையும் துறையே பார்த்துக்கொள்கிறது.”

ஒரு சொல் தடுமாறவில்லை. கடைசியில் அளவாக ஒரு சிரிப்பு. அந்த அம்மாள் மனம் குளிர்ந்துபோய் அவள் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டார். போட்டோவும் எடுத்தார்கள்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு தலைவர் அறைக்குப் போனேன். ‘மாணவர் நலனில் முன்மாதிரித் துறை’ என்று குழு எழுதிவிட்டுப் போயிருந்ததில் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. முதலில் என் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பிறகு அவள் கடிதத்தை எடுத்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“அடடா, இதுல எப்படிக் கண்ணு கையெழுத்துப் போடறது? வேலைக்கே போறதில்லைன்னு நீயே சொல்லியிருக்கறயே. ரிப்போர்ட்டுல உன்ற பேரு, நம்பரு, போட்டோ அத்தனையும் இருக்குது. இப்ப நீ வேலைக்குப் போறயின்னு நான் எழுதிக் குடுத்தா ரெண்டுல ஒண்ணு பொய்யாயிருமில்ல?”

“நீங்கதான சார் அப்படிச் சொல்லச் சொன்னீய?”

“துறையோட மானம்னு ஒண்ணு இருக்குது சாமி. அடுத்த வருசம் எழுதிக்கலாம். மனசுக்குக் கஷ்டமா இருந்தா ஆலோசனை அறை தெறந்துதான் இருக்குது, போயிச் சித்த நேரம் உக்காரு.”

தூ! அந்த மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றேன்.

ரோஸ்மேரி என் பக்கம் திரும்பினாள். “மேடம், நீங்க சொல்லுங்க மேடம். நீங்கதான சொல்லிக் குடுத்தீய.”

கையெழுத்தான என் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

“ரூல்ஸ் அப்படி இருக்குதும்மா. சார் என்ன பண்ணுவாரு” என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே ஓடி, முதலுதவிப் பெட்டிக்குக் கீழே அவளைப் பிடித்தேன்.

“ரோஸ்மேரி, எம்மேல கோவமா? திட்டறதுன்னா திட்டிடு கண்ணு.”

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அதே அளவான சிரிப்பு.

“இல்லை மேடம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றையும் துறையே பார்த்துக்கொள்கிறது.”

சொல்லிவிட்டு, அரை ஷிப்டாவது கிடைக்கும் என்று கம்பெனிக்குப் பஸ் ஏற ஓடினாள்.